பேருந்தின் பெயர்ப்பலகையும் விற்பனைக்கா?

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையில் இருக்கிறது நெல்லிக்குப்பம். அரைவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் அங்குள்ள பாரி சர்க்கரை ஆலையை நோக்கி வரிசைகட்டி நிற்கும்போது, பேருந்து எந்த நேரத்துக்கு வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நிறுத்தத்தில் காத்திருப்பவரின் கண், தொலைவில் வரும் பேருந்தின் நெற்றியைத்தான் தேடும். அதில் 'பண்ருட்டி' என்று எழுதியிருந்தால் வண்டி பண்ருட்டிக்குப் போகும். அதே பேருந்தின் முதுகில் ஜவுளிக்கடையோ நகைக்கடையோ பொறியியல் கல்லூரியோ இடம் பிடித்திருக்கலாம். அதைப் பற்றி யாரும் குறைபட்டுக்கொண்டதில்லை. எது தகவல், எது விளம்பரம் என்பதில் அங்கே குழப்பமே இல்லை. முதுகை வாடகைக்கு விட்ட போக்குவரத்துக் கழகங்கள் நெற்றியை வாடகைக்கு விட்டதில்லை.

கைப்பேசிச் செயலிகள் வந்த பிறகு இந்தக் கோடு மங்கத் தொடங்கியிருக்கிறது. பேருந்து எங்கே வருகிறது, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று சொல்லும் செயலிதான் இன்றைய பெயர்ப்பலகை. அந்தத் திரையில் விளம்பரத்துக்கு இடம் தரலாமா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எந்த உருவத்தில் தருவது?

விளம்பரத் துறையினர் 'நேட்டிவ் விளம்பரம்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். உருக்கலந்த விளம்பரம் என்று அதைத் தமிழில் அழைக்கலாம். திரையின் அடியில் தனிப்பெட்டியாக மின்னும் பழைய பாணி விளம்பரமல்ல இது. செயலி தரும் தகவலின் அதே எழுத்து, அதே நிறம், அதே வரிசையில் கலந்து வருவது. வரைபடத்தில் நிறுத்தங்களைக் காட்டும் குறிகளுக்கு நடுவே ஓர் உணவகத்தின் குறி கூடுதலாகத் தெரியும். 2016-ல் கூகுள் நிறுவனம் தன் வரைபடத்தில் இத்தகைய கட்டணக் குறிகளை அறிமுகப்படுத்துவதாக அறிவித்தது. பயண வழிகளின் பட்டியலில் மூன்றாவது வழியாக ஒரு வாடகைக் கார் நிறுவனம் உட்கார்ந்திருக்கும். பயனர் எரிச்சலடைவதில்லை, ஏனென்றால் அது விளம்பரம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. விளம்பரதாரர் கூடுதலாகப் பணம் தருவதும் அதற்காகத்தான்.

பத்திரிகை உலகம் இதைப் பற்றி உபதேசம் செய்யும் தகுதியோடு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தியின் உருவில் வந்த விளம்பரங்களும், 2009 பொதுத்தேர்தலை ஒட்டி எழுந்த 'பணம் பெற்ற செய்தி' சர்ச்சையும், அதுகுறித்துப் பிரஸ் கவுன்சில் 2010-ல் அளித்த அறிக்கையும் மறந்துவிடக் கூடியவை அல்ல. ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஒரு நாளிதழ் பிடிக்காவிட்டால் வாசகர் வேறொன்றை வாங்கலாம். அரசுப் போக்குவரத்தின் செயலிக்கு மாற்று கிடையாது.

தமிழகத்தில் இந்தக் கேள்வி இனிக் கற்பனையானது அல்ல. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் 'சென்னை ஒன்று' செயலியை 2025 செப்டம்பர் 22 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடக்கி வைத்தார். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றோடு ஆட்டோ, வாடகைக் கார்களையும் ஒரே திரையில் கொண்டுவந்து, ஒரே கியூஆர் குறியீட்டில் பயணச்சீட்டு தருவது அதன் சிறப்பு. மெட்ரோவிலிருந்து இறங்கி எந்தப் பேருந்தைப் பிடிப்பது என்று தெரியாமல் திகைத்து நின்ற நகரத்துக்கு இது பெரிய உதவி; அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அதே ஆண்டு நவம்பரில், பீம் அல்லது நவி செயலி வழியாகப் பணம் செலுத்துவோருக்கு ஒருமுறை மட்டும் 1 ரூபாயில் பயணச்சீட்டு என்ற சலுகை அதில் அறிவிக்கப்பட்டது. பயணிக்கு லாபம், செயலிக்குப் புதிய பயனர்கள், பணப்பரிமாற்ற நிறுவனத்துக்கு விளம்பரம். வெளிப்படையாக அறிவித்துச் செய்ததால் இதில் யாரும் ஏமாறவில்லை. ஆனால், பொதுப் போக்குவரத்துச் செயலியின் திரைக்கு வணிக மதிப்பு உண்டு என்பதை எல்லாத் தரப்பும் அறிந்துகொண்டுவிட்டன. இனி வரும் கோரிக்கைகள் இவ்வளவு வெளிப்படையாக இருக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

ஆபத்து எங்கே தொடங்கும்? உணவக விளம்பரத்தில் அல்ல, பயணத்தையே விற்கும் விளம்பரத்தில்தான். 'அடுத்த பேருந்து 18 நிமிடங்களில்' என்ற வரிக்கு மேலே, அதே வடிவத்தில், '3 நிமிடங்களில் ஆட்டோ' என்று ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த வரிக்கு ஒரு நிறுவனம் பணம் கொடுத்திருந்தால், பேருந்தை ஒருவர் கைவிடும் ஒவ்வொரு முறையும் பேருந்துக் கழகத்தின் செயலியே வருவாய் பெறும். 'சென்னை ஒன்று' செயலியில் இணைந்திருக்கும் நம்ம யாத்ரி, ஒவ்வொரு சவாரிக்கும் கமிஷன் பிடிக்காமல் ஓட்டுநர்களிடம் நாள் கட்டணம் வாங்கும் முறையால் அறியப்பட்டது. ஆகவே அந்த நெருக்கடி இன்று உடனடியாக இல்லை. நாளை இன்னொரு நிறுவனம் வேறு முறையுடன் உள்ளே வரும்போது அதைத் தடுக்க என்ன இருக்கிறது என்பதே கேட்க வேண்டியது.

இதைத் தமிழகத்தின் சூழலில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. 2021 மே 8 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கணக்கிட்டது. எந்தப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று எளிதில் தெரிய வேண்டும் என்பதற்காகவே சென்னையில் 2022-ல் அத்தகைய பேருந்துகளின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த வண்ணம் ஒரு தகவல். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் அரசு மருத்துவமனைக்குப் புறப்படும் ஒரு பெண்ணின் கைப்பேசியில், கட்டணமில்லாப் பேருந்தைக் கீழே தள்ளிவிட்டுக் கட்டணம் கேட்கும் வாகனம் மேலே நின்றால், அரசு ஒரு கையால் கொடுத்ததை அரசின் செயலியே மறு கையால் வாங்கிக்கொண்டதாகிவிடும். அவர் செய்த தவறு, திரையில் முதலில் இருப்பதே சிறந்த வழி என்று நம்பியது மட்டும்தான். அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டதும் நாம்தான்.

இதில் வயதும் மொழியும் சேர்ந்துகொள்கின்றன. இத்தகைய விளம்பரங்களின் ஓரத்தில் 'ஆட்' என்றோ 'ஸ்பான்சர்டு' என்றோ கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் போடுவது வழக்கம். மற்றதெல்லாம் தமிழில் இருக்க, இந்த ஒரு சொல் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும். விதிப்படி அறிவித்தாயிற்று என்று நிறுவனம் சொல்லிக்கொள்ளலாம். வெயிலில், நிறுத்தத்தில், 5 அங்குலத் திரையைப் பார்க்கும் அறுபது வயதுக்காரருக்கு அது அறிவிப்பே அல்ல.

ரயில்வேயின் அனுபவம் இரண்டு பாடங்களைத் தருகிறது. 2019 மே மாதத்தில், ஐஆர்சிடிசி செயலியில் ஆபாச விளம்பரங்கள் வருவதாக ஒரு பயணி சமூக ஊடகத்தில் முறையிட்டார். கூகுளின் விளம்பரக் கருவி பயனரின் இணைய நடவடிக்கைகளை வைத்தே விளம்பரங்களைக் காட்டுகிறது என்று ரயில்வே தரப்பில் பதில் வந்தது. கேள்வி கேட்டவர் நாடு முழுவதும் கேலிக்கு ஆளானார்; பொதுத்துறை நிறுவனம் ஒன்று தன் திரையில் எதைக் காட்டுகிறது என்பதற்குத் தானே பொறுப்பேற்க வேண்டாமா என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது. திரையை வெளியாருக்கு ஒப்படைத்துவிட்டால் அதிகாரிகளுக்கும் என்ன வரும் என்று தெரியாது என்பதே முதல் பாடம். இரண்டாவது, 2022 ஆகஸ்டில் நடந்தது. பயணிகளின் தரவுகளிலிருந்து 1,000 கோடி ரூபாய் வரை வருவாய் ஈட்டும் வழிகளை ஆராய ஆலோசகரை அமர்த்துவதற்கு ஐஆர்சிடிசி ஒப்பந்தப்புள்ளி கோரியது. எதிர்ப்பு கிளம்பியது, சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு விளக்கம் கேட்டது, தரவுப் பாதுகாப்புச் சட்டம் இல்லாத நிலையில் அதைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் தெரிவித்தது.

இப்போது சட்டம் இருக்கிறது. 2023-ல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்டோரைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடுக்கிறது. காலை எட்டு மணிக்கு எந்த ஊர் நிறுத்தத்தில் போய் நின்றாலும் கூட்டத்தில் பெரும்பங்கு பள்ளிச் சீருடைதான். பேருந்துச் செயலியில் இடம் அறிந்து விளம்பரம் காட்டுகிறவர், தன் பயனர் மாணவரா இல்லையா என்பதை எப்படிக் கண்டறிவார்? அதைக் கண்டறிவதற்காகவே இன்னும் கூடுதலாகத் தரவு கேட்பார் என்பது இதிலுள்ள முரண்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இன்னும் நேரடியானவை. நுகர்வோரை ஏய்க்கும் 13 வகைத் திரை உத்திகளை அவை பட்டியலிடுகின்றன. வேறு உள்ளடக்கத்தின் வேடத்தில் விளம்பரத்தைக் காட்டுவதும் அவற்றில் ஒன்று. வணிக நிறுவனங்களுக்கே கூடாது என்று சொன்னதை, அரசுக் கழகம் தன் செயலியில் செய்துகொள்ள முடியாது. ஆனால் நெறிமுறை காகிதத்தில் இருப்பதும், ஓர் ஊரின் பேருந்துச் செயலியை யாரேனும் திறந்து சோதிப்பதும் வேறு வேறு.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். போக்குவரத்துக் கழகங்களின் நிதிநிலை எல்லோரும் அறிந்தது. டீசல் விலை, ஊதியம், ஓய்வூதியம், புதிய பேருந்துகள் என்று செலவுகள் கழுத்தை நெரிக்கையில், கட்டணத்தை உயர்த்தாமல் கிடைக்கும் எந்த வருவாயையும் அதிகாரிகள் விரும்பவே செய்வர். அதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. எனினும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தியாவில் கைப்பேசி விளம்பரம் ஒருமுறை திரையில் தோன்றுவதற்குக் கிடைப்பது பெரும்பாலும் சில பைசாக்களே. கோடிக்கணக்கான பார்வைகள் உள்ள பெருநகரத்துக்கு அது ஒரு தொகையாகத் திரளலாம். கடலூர் மாவட்டத்து நகரப் பேருந்துகளுக்கு அது டயர் செலவுக்குக் காணுமா என்பது ஐயமே. அதே சமயம், செயலி சொல்வதை நம்ப முடியவில்லை என்று சலித்துப் பயணிகள் இருசக்கர வாகனத்துக்கு மாறினால் வரும் இழப்பு எந்தப் பேரேட்டிலும் தனியாகத் தெரியாது.

பெயரையே விற்றவர்களின் அனுபவமும் கண்முன் இருக்கிறது. குருகிராமின் ரேபிட் மெட்ரோவில் நிலையங்களின் பெயரோடு மைக்ரோமேக்ஸ், வோடபோன் போன்ற நிறுவனப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. நிறுவனங்களின் காலம் மாறுகிறது. ஊரோ அங்கேயே இருக்கிறது. பெங்களூரில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கு இன்போசிஸ் அறக்கட்டளை 100 கோடி ரூபாய்க்கு மேல் வழங்கி, தன் பெயரைக் கோணப்பன அக்ரஹாராவின் பெயரோடு சேர்த்துக்கொண்டது. அங்கே ஊர்ப்பெயர் அழியவில்லை, பணம் எவ்வளவு என்பதும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை ஏற்கலாம் என்றே கருதுகிறேன். கனடாவின் மான்ட்ரியாலில் உருவான 'டிரான்சிட்' செயலி வேறு வழியில் போனது. கூடுதல் வசதிகளுக்குச் சந்தா வைத்தது. போக்குவரத்து நிறுவனமே கட்டணம் செலுத்திவிட்டால் அந்த ஊர்ப் பயணிகள் அனைவருக்கும் அவ்வசதிகள் இலவசம். சாலை விளக்குக்கு நகராட்சி பணம் கட்டுவதைப் போலத்தான் இது.

விளம்பரமே கூடாது என்பது இக்கட்டுரையின் வாதமல்ல. பயணச்சீட்டு எடுத்து முடித்த பின் வரும் திரையில், தெளிவான எல்லைக்கோட்டுக்குள், 'விளம்பரம்' என்று தமிழில் எழுதி வருவதில் தவறில்லை. சொல்லப்போனால் அது பண்ருட்டியின் முந்திரிக் கடைக்கும் நெல்லிக்குப்பத்தின் உணவகத்துக்கும் பேருந்தின் முதுகைவிட மலிவான இடமாக அமையலாம், இடம் முழுவதையும் பெருநிறுவனங்கள் ஏலத்தில் எடுத்துவிடாமல் உள்ளூர்க்காரர்களுக்கென ஒரு பங்கு ஒதுக்கினால். ஆனால் 'எப்படிப் போவது' என்ற கேள்விக்கான விடை, நேரத்தையும் கட்டணத்தையும் மட்டுமே பார்த்து வரிசைப்படுத்தப்பட வேண்டும். கட்டணமில்லாப் பேருந்து இருந்தால் அது எந்தச் சூழலிலும் மறைக்கப்படலாகாது. பயணி எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்ற விவரம் விளம்பரதாரரின் கைக்குப் போகலாகாது.

நெல்லிக்குப்பத்திலிருந்து நெய்வேலிக்குப் போக வேண்டிய ஒருவர் பண்ருட்டியில் வண்டி மாற வேண்டும். அங்கே அடுத்த பேருந்து எப்போது என்று தெரிந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதி. சென்னைக்குக் கிடைத்த வசதி மாவட்டங்களுக்கும் விரிய வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது, அது நிறைவேறவும் வேண்டும். அந்த விரிவாக்கத்துக்கான ஒப்பந்தப்புள்ளிகளை எழுதும்போதே மேற்சொன்ன நிபந்தனைகள் இடம்பெறுவது நல்லது. செயலி ஓடத் தொடங்கி, விளம்பர வருவாய் வரவுசெலவுக் கணக்கில் ஏறிவிட்ட பிறகு எந்த அதிகாரியும் அதை விட்டுக்கொடுக்க முன்வர மாட்டார். ஐஆர்சிடிசியின் 2022 ஒப்பந்தப்புள்ளி திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம், அந்த ஆவணம் பொதுவெளியில் இருந்ததும் அதைச் சிலர் வரிவரியாகப் படித்ததும்தான். போக்குவரத்துச் செயலிகளுக்கான விளம்பர ஒப்பந்தங்களையும் அவ்வாறே, கையெழுத்தாவதற்கு முன்பு, கழகங்களின் இணையதளத்தில் தமிழில் வெளியிட வேண்டும்.