சீட்டுக்கு மட்டும்தான் கவுன்சலிங்கா?

தமிழ்நாட்டில் 'கவுன்சலிங்' என்று சொன்னால் யாருக்கும் மனசு ஞாபகம் வராது. சீட்டுதான் ஞாபகம் வரும். எந்த டிரேடு, எந்த ஊர், என்ன கட்-ஆஃப்... ஐடிஐயிலும் இதே கதைதான். கலந்தாய்வு முடிந்து சீட்டு கிடைத்ததும் கவுன்சலிங் முடிந்துவிட்டது. உள்ளே போன ஆளை உட்காரவைத்து "என்னப்பா, எப்படி இருக்கே?" என்று கேட்பதற்கென்றே ஒருவர் இருக்கிற ஐடிஐயை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

மாணவர் மனநலம் என்று பேச ஆரம்பித்தாலே நீட், ஐஐடி, கோட்டா. பேசட்டும், தப்பில்லை. ஆனால் முப்பது வயதில் வெல்டர் படிக்க வந்தவரும் மாணவர்தானே? அவருக்காக எந்தச் சேனல் விவாதம் நடத்தியது?

தமிழ்நாட்டு ஐடிஐக்களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. அருமையான விதி! அதை நம்பி வருகிறவர் யார்? பாபநாசத்தையே எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் வயல். ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்தபிறகு கூலி வேலை நாட்கள் சுருங்கிவிட்டன. திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருஷம் ஓட்டிவிட்டுத் திரும்பியவர், ஏஜெண்டிடம் பணம் கட்டி வெளிநாடு போய் வெறுங்கையோடு வந்தவர், 'இனியாவது ஒரு தொழில் கையில் இருக்கட்டும்' என்று நினைக்கும் இரண்டு பிள்ளைகளின் அம்மா... இவர்கள்தான் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ பஸ் ஏறிப் போய் அந்த விதியைப் பயன்படுத்த வேண்டியவர்கள்.

போனால் பக்கத்து பெஞ்சில் பதினாறு வயசுப் பையன். அவன் 'அங்கிள்' என்கிறான். ஊரில் 'இந்த வயசுல படிப்பு கேக்குதா?' என்ற நக்கல். வீட்டில் குழுக்கடன் தவணை. ஒரு சாவு, ஒரு அறுவடை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாள்கள் போனால் வருகைப்பதிவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கும், பரீட்சை எழுத முடியாது. பதினாறு வயசுப் பையன் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போன் போகும். இவர் வரவில்லை என்றால்? பெயரை அடித்துவிடுவார்கள், அதோடு சரி.

"பெரிய ஆளுக்கு எதுக்குய்யா கவுன்சலிங்? அவருக்கே தெரியாதா?" என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி 2021ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,089 பேர். தினக்கூலிகள் 42,004 பேர். காலையில் ஐடிஐ, சாயங்காலம் கூலிவேலை என்று ஓடுகிற ஆள் இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவில் நிற்கிறார். மாணவர் என்று பேசுகிறவர்கள் இவரை நினைப்பதில்லை. தொழிலாளி என்று பேசுகிறவர்களும் நினைப்பதில்லை.

பணம் இல்லையா? டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களைத் தரம் உயர்த்தும் 2,877.43 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தமிழக அரசு 2023ல் தொடங்கிவைத்தது. ரோபோ வந்தது, சிஎன்சி வந்தது. நல்லது, வரட்டும். மிஷின் வாங்கினால் தேய்மானம் என்று கணக்கில் ஒரு வரி எழுதுவோம், பராமரிப்புக்கு ஒப்பந்தம் போடுவோம். அதை ஓட்டப்போகிற மனிதருக்குத் தேய்மானமே கிடையாதா?

"14416 இருக்கிறதே" என்பார்கள். 2022ல் வந்த டெலி மானஸ் இலவச எண், எந்நேரமும் பேசலாம், நல்ல விஷயம். ஆனால் போன் எடுப்பவரால் வருகைப்பதிவில் சலுகை வாங்கித் தர முடியுமா? தவணை கட்டும் நாளில் பிராக்டிகலை மாற்றி வைக்கச் சொல்லி இன்ஸ்ட்ரக்டரிடம் பேச முடியுமா? அதற்கு உள்ளேயே ஒரு ஆள் வேண்டும்.

இது வெறும் ஆசையும் இல்லை. 2025 ஜூலை 25ல் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் இறந்துபோன ஒரு நீட் மாணவியின் தந்தை தொடர்ந்த வழக்கில் 15 வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதியுள்ள ஒரு ஆலோசகராவது இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஊழியர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை பயிற்சி. உதவி எண்கள் பெரிய எழுத்தில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பள்ளி, கல்லூரி மட்டுமல்ல, பயிற்சி மையங்களுக்கும் இது பொருந்தும். தொழிற்பயிற்சி நிலையம் பயிற்சி மையம் இல்லை என்றால் வேறு என்னவாம்?

ஆகவே கேட்க வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு ஐடிஐயிலும் ஒரு ஆலோசகர். வயது வந்தவர்களிடம் கடன், குடும்பம், வேலை பற்றிப் பேசத் தெரிந்தவராக அவர் இருக்கட்டும். தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூட்டிவந்து கைதட்டச் சொல்லி அனுப்புவது கணக்கில் சேராது. இரண்டாவது, நியாயமான காரணம் இருந்தால் வருகைப்பதிவில் விட்டுக்கொடுக்க ஒரு வழி. மூன்றாவது, நாலு நாள் வராதவரின் பெயரை அடிப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன்.

40 வயது வரை வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தது அரசு. உள்ளே வந்தவரைக் கவனிக்கும் பொறுப்பும் அதற்கே.

உங்கள் ஊர் ஐடிஐயில் ஆலோசகர் இருக்கிறாரா? ஒரு எட்டு போய் விசாரித்துத்தான் பாருங்களேன். அப்படியே மனசு சரியில்லாமல் தெரிகிற யாருக்காவது 14416, 104 இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.