சும்மா நின்ற நாலு நிமிஷம்

ஆபீசில் நாலு நிமிஷம் சும்மா நின்றுபாருங்கள், மேனேஜர் முறைப்பார். அமெரிக்காவில் ஒரு பையன் இதைச் செய்தே புகழ் பெற்றுவிட்டான் சார்!

இண்டியானா மாநிலத்தில் மிலன் என்றொரு குட்டி ஊர். அரசு ஹைஸ்கூலில் மொத்தமே 161 பேர். கோச் மார்வின் வுட்டுக்கு வயசு 26. 1954 மார்ச்சில் மாநில பாஸ்கெட்பால் ஃபைனலுக்கே வந்துவிட்டார்கள். எதிரே மன்சி சென்ட்ரல். பத்து மடங்கு பெரிய பள்ளி, ஏற்கெனவே நாலு தடவை சாம்பியன்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் மிலன் 26, மன்சி 28. பாபி பிளம்ப் பந்தைப் பிடித்துக்கொண்டு நாலு நிமிஷத்துக்கு மேல் அப்படியே நிற்கிறான். ஜெயிக்கிறவன் நேரம் கடத்தினால் புரிகிறது, தோற்கிறவன்? இத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி அப்போது அங்கே கிடையாது. ஓடினால் பெரிய பள்ளிக்கு லாபம். நின்றால் அவர்களுக்குத்தான் பதற்றம். என்னா நெஞ்சழுத்தம்! அப்புறம் எறிந்தான், விழவில்லை. ஆனாலும் ஸ்கோர் 30-30 ஆனது. மூன்று விநாடி பாக்கி இருக்கும்போது மறுபடி எறிந்தான். 32-30!

இதை வைத்துத்தான் 1986-ல் 'ஹூசியர்ஸ்' படம் வந்தது. பிளம்ப் பிற்காலத்தில் ஓட்டல் திறந்தார். பெயர் 'பிளம்ப்ஸ் லாஸ்ட் ஷாட்'.

1997-ல் அந்த ஒரே கோப்பை முறைக்கு மங்களம் பாடி, மாணவர் எண்ணிக்கைப்படி பள்ளிகளை நாலு பிரிவாக்கிவிட்டார்கள். சின்னதோடு சின்னது மோதட்டுமாம். நியாயம்தான். ஆனாலும் எனக்கென்னவோ, ரேஷன் கார்டு கலர் பார்த்துக் கோப்பை கொடுக்கிற மாதிரி இருக்கிறது.