செயற்கைப் புல்லுக்குக் குளிர்காலம் வைக்கும் சோதனை

“தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், உரம் போட வேண்டாம். ஒரு முறை விரித்தால் போதும்!” செயற்கைப் புல்தரை விற்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான். அடுக்குமாடி வீட்டு மாடம், பாலர் பள்ளி முற்றம், ஃபுட்சால் திடல் என்று நம்மைச் சுற்றியும் இந்தப் பச்சை விரிப்பைப் பார்க்கிறோம்.

மாணவர்களே, அந்த வாக்குறுதிகளில் முதல் மூன்றையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். “விரித்தால் போதும்” என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அது சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க, குளிர்காலம் உள்ள நாடுகளே நல்ல ஆய்வுக்கூடம். வீட்டுத் தோட்டங்களில் செயற்கைப் புல் பரவலாக உள்ள பிரிட்டனை முதலில் பார்ப்போம்.

அதற்கு முன் சிறு வரலாறு. 1965இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் என்னும் கூரையிட்ட பெரிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. கூரை வழியே வந்த வெயில் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசவைத்ததால் கூரைக்குச் சாயம் பூசினார்கள். ஒளி குறைந்ததும் உள்ளே இருந்த புல் செத்துப்போனது. 1966இல் அங்கே நெகிழியால் ஆன புல்லை விரித்தார்கள். ஒளிச்சேர்க்கை செய்ய முடியாத இடத்தில், ஒளிச்சேர்க்கை தேவைப்படாத புல். செயற்கைப் புல் உலகப் புகழ் பெற்றது அப்போதுதான்.

இன்றைய வீட்டுப் புல்தரையில் மூன்று பகுதிகள் உண்டு. மேலே நெகிழி இழைகள்; அவற்றைப் பிடித்திருக்கும், நீர் வடியச் சிறு துளைகள் உள்ள அடித்தளத் துணி; இழைகளை நிமிர்த்தி நிறுத்த இடையே தூவப்படும் மணல்.

இலையுதிர் காலத்திலேயே வேலை தொடங்கிவிடுகிறது. உண்மையான புல்வெளியில் விழும் இலைகளில் ஒரு பகுதியை மண்புழுக்கள் மண்ணுக்குள் இழுத்துச் செல்லும். மீதியைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மட்கச் செய்து மண்ணோடு சேர்க்கும். நெகிழித் தரையில் அந்தத் தொழிலாளர்கள் இல்லை. இலைகள் ஈரத்தில் ஊறி, இழைகளுக்கு நடுவே கறுப்புப் படிவாகத் தங்கிவிடும். அந்தப் படிவு வடிகால் துளைகளை அடைக்கும். குளிர்கால ஈரமும் நிழலும் சேர்ந்தால் அதன்மேல் பாசி வளரும், தரை வழுக்கும். எனவே இலைகளை அடிக்கடி அள்ள வேண்டும். விறைப்பான நெகிழித் துடைப்பத்தால், இழைகள் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகப் பெருக்கி அவற்றை நிமிர்த்த வேண்டும். உலோகப் பற்கள் உள்ள வாரிகள் இழைகளைக் கிழித்துவிடும்.

அடுத்தது உறைபனி. இங்கேதான் வேதியியல் வருகிறது. ஒவ்வொரு வகை நெகிழியும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால், நெகிழ்வை இழந்து கண்ணாடிபோல் விறைத்துவிடும். புல் இழைகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் பாலிஎத்திலீனுக்கு அந்த எல்லை மைனஸ் 80 பாகை செல்சியஸுக்கும் கீழே உள்ளது. பிரிட்டனில் அவ்வளவு குளிர் வராது. ஆனால் பல தரைகளில் அடிப்பகுதியை அடர்த்தியாகக் காட்டச் சுருள் சுருளாகச் சேர்க்கப்படும் பாலிபுரொப்பிலீனுக்கு அந்த எல்லை சுழியம் பாகைக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. ஓர் உறைபனி இரவே அதை விறைக்க வைக்கப் போதும். இழைகளின் மேல் பனிக்கட்டி படிந்திருக்கும்போது அதில் நடக்காதீர்கள் என்று அறிவுறுத்துவதன் காரணம் இதுதான்.

உண்மையான புல்லும் உறைபனியில் மிதிபட்டால் காயப்படும். செல்களுக்குள் உள்ள நீர் உறைந்திருப்பதால் அவை உடையும். ஆனால் புல்லின் வளரும் முனை தரையை ஒட்டி, அடியில் இருக்கிறது. வசந்தம் வந்ததும் அங்கிருந்து புதிய இலை கிளம்பும். நெகிழி இழை ஒடிந்தால் ஒடிந்ததுதான்.

பனி கொட்டினால் என்ன செய்வது? பெரும்பாலும் எதுவும் செய்யாமல், தானாக உருகும்வரை காத்திருப்பதே நல்லது. கட்டாயம் அகற்ற வேண்டுமென்றால் நெகிழி மண்வாரியால் மேல்பகுதியை மட்டும் அள்ளிவிட்டு, கடைசிச் சில சென்டிமீட்டரை விட்டுவிட வேண்டும். உறைந்த கட்டியைக் கொத்திப் பெயர்த்தால் இழையும் சேர்ந்து வரும். சுடுநீர் ஊற்றினால், அது வடியாமல் தேங்கும் இடத்தில் குளிர்ந்து மீண்டும் உறைந்துவிடும். உறையும் நீரின் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். விரிப்பின் அடியில் நீர் தேங்கி உறைந்தால் அடித்தளமே மேடுபள்ளமாகிவிடும்.

உப்பு தூவலாமே என்று கேட்பீர்கள். உப்பு நீரின் உறைநிலையைக் குறைக்கிறது; செறிவான உப்புக்கரைசல் மைனஸ் 21 பாகை வரை உறையாமல் இருக்கும். உப்பு நெகிழியைக் கொல்லாது. ஆனால் உருகிய நீர் எங்கே போகும்? பக்கத்துப் பூச்செடிகளின் வேருக்கும் வடிகாலுக்கும்தான். நீர் காய்ந்த பின் மிஞ்சும் உப்புப் படிவு துளைகளை அடைக்கும். ஆகவே உப்பு போட்டால் பிறகு நல்ல நீரால் கழுவியாக வேண்டும். “தண்ணீர் ஊற்ற வேண்டாம்” என்ற முதல் வாக்குறுதிகூட இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

வீட்டுத் தோட்டத்தை விட்டு விளையாட்டுத் திடலுக்கு வந்தால் சிக்கல் இன்னும் பெரியது. காற்பந்துக்கான செயற்கைத் தரைகள் பலவற்றில் மணலோடு, பழைய டயர்களை அரைத்து எடுத்த கறுப்பு ரப்பர் மணிகளையும் நிரப்புகிறார்கள். முழு அளவுள்ள ஒரு திடலில் இவை பல பத்து டன் இருக்கும். மணிகளின் அளவு 5 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் இவை நுண்நெகிழி வகையில் சேரும். நார்வே போன்ற நாடுகளில் இயந்திரத்தால் பனியைத் தள்ளும்போது, மணிகளும் அதோடு சேர்ந்து வெளியே போகின்றன. பனிக்குவியல் உருகியதும் அவை மண்ணிலும் ஓடையிலும் கலக்கின்றன. இதனால் நார்வே 2021இல் விதிமுறை கொண்டுவந்தது. திடலைச் சுற்றித் தடுப்பு வேண்டும். அள்ளிய பனியை மணிகள் வெளியேறாத இடத்தில்தான் குவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஏற்ற விதிப்படி, இத்தகைய நுண்நெகிழி நிரப்பு மணிகளின் விற்பனைக்கு 2031 அக்டோபர் முதல் தடை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. வட ஐரோப்பாவில் புல் வளராத மாதங்கள் பல. உண்மையான புல்திடலில் விளையாடினால் அது சேறாகிவிடும். செயற்கைத் தரை இருப்பதால்தான் அங்குள்ள பிள்ளைகள் குளிர்காலத்திலும் பந்து உதைக்க முடிகிறது. அது சிறிய நன்மை இல்லை. ஆகவே எல்லாவற்றையும் பெயர்த்தெறியுங்கள் என்று நான் சொல்லவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். இலையை மட்கச் செய்தல், ஒடிந்ததைப் புதுப்பித்தல், நீரை உறிஞ்சி வடித்தல் ஆகிய வேலைகளை மண்ணும் புல்லும் சம்பளம் கேட்காமல் செய்துவந்தன. நெகிழியை விரித்ததும் அந்த வேலைகள் மறைந்துவிடவில்லை. அவை மனிதரின் கைக்கு மாறிவிட்டன. யாரும் செய்யாவிட்டால், அவற்றின் சுமை ஓடைக்கும் கடலுக்கும் போகிறது. “பராமரிப்பு தேவையில்லை” என்ற விளம்பரம் இந்தக் கணக்கைத்தான் மறைக்கிறது.

நமக்குப் பனி இல்லை. ஆனால் பனியை அள்ளும் இயந்திரத்தின் வேலையை இங்கே அடைமழை செய்கிறது. இலைகள் ஆண்டு முழுவதும் உதிர்கின்றன. ஈரமும் பாசியும் நமக்குப் புதிதல்ல. நண்பகல் வெயிலில் நெகிழிப் புல் எப்படிக் கொதிக்கும் என்பதை வெறுங்காலோடு நின்றவர்கள் அறிவார்கள். நீராவியை வெளியிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள அது உயிருள்ள இலை இல்லையே.

உங்கள் பள்ளியிலோ குடியிருப்பிலோ செயற்கைப் புல் விரிக்கும் பேச்சு எழுந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வாராவாரம் இதைப் பெருக்கிச் சுத்தம் செய்வது யார்? நிரப்பு மணிகள் வடிகாலுக்குள் போகாமல் எது தடுக்கும்? 10 அல்லது 15 ஆண்டுகளில் இது தேய்ந்ததும், பலவகை நெகிழியும் மணலும் பசையும் கலந்த இந்த விரிப்பு எங்கே போகும்? மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் தாராளமாக விரிக்கட்டும். விடை இல்லையென்றால், கொஞ்சம் சேறு படிந்தாலும் மண்ணில் வளரும் புல்லே மேல் என்பது என் கருத்து.

இதற்கிடையே ஒரு சிறு ஆய்வையும் செய்து பாருங்கள். அடுத்த பெருமழைக்குப் பிறகு, அருகிலுள்ள செயற்கைத் திடலின் ஓரத்து வடிகாலைக் கவனியுங்கள். கறுப்பு மணிகள் ஒதுங்கியிருந்தால் ஒரு படம் எடுத்துத் திடல் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். அவற்றைப் பெருக்கி மீண்டும் திடலில் சேர்க்க ஒரு துடைப்பமும் கால் மணி நேரமும் போதும்.