ஐந்து நீலச் சட்டைகள்

"சின்னச் சின்ன முடிவுகளில் மூளையைத் தேய்க்காதே" என்பது இப்போது வேதவாக்கு. எந்தச் சட்டை, என்ன குழம்பு என்று யோசித்தே தெம்பு தீர்ந்துவிடுமாம். பெரிய முடிவு வரும்போது மிச்சம் இருக்காதாம். நானும் நம்பினேன். ஒரே மாதிரி ஐந்து நீலச் சட்டை எடுத்து, மூன்று மாதம் அதையே போட்டேன்.

இந்தக் கட்சிக்காரர்கள் முதலில் சாட்சிக்கு இழுப்பது ஒபாமாவை. சாம்பல், நீலம் என்று இரண்டே நிறத்தில்தான் சூட் அணிவதாக 2012இல் ஒரு பேட்டியில் அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் தட்டில் என்ன விழவேண்டும் என்று யோசிக்க வெள்ளை மாளிகையில் சமையல்காரர்கள் இருந்தார்கள். யோசனை ஒழியவில்லை, தலை மாறியது. என் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஐந்தில் எது துவைத்தது, எது காலர் கறுத்தது என்று எனக்குத் தெரியாது. "நீங்க யோசிக்காம போடணும்னா, நான் யோசிச்சுல்ல துவைக்கணும்?" என்றாள் மனைவி. பதில் இல்லை.

அடுத்து, விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்பார்கள். 1998இல் அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழு ஒரு சோதனை செய்தது. மணக்கும் சாக்லேட் பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கியை மட்டும் தின்றவர்கள், பிறகு தந்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். மன உறுதி செலவழிந்தால் தீரும் என்ற கருத்து அங்கிருந்துதான் பரவியது. 2016இல் 23 ஆய்வகங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, அந்தக் கருத்தை வேறொரு சோதனையால் பரிசோதித்தன. கிடைத்த விளைவு ஏறக்குறைய பூஜ்யம். இது ஏனோ யார் காதிலும் விழவில்லை.

இஸ்ரேல் நீதிபதிகள் கதையும் உண்டு. இடைவேளை நெருங்க நெருங்க, பரோல் கேட்ட கைதிகளுக்கு மறுப்பே கிடைத்தது என்றது 2011இல் வந்த ஆய்வு. களைப்புதான் காரணமாம். வக்கீல் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் ஒவ்வொரு அமர்வின் கடைசியில்தான் எடுக்கப்பட்டன என்று அதே ஆண்டில் வேறு இருவர் சுட்டிக்காட்டினார்கள். வக்கீல் இல்லாதவனுக்கு எந்த நேரத்தில்தான் சாதகமாக வந்தது?

களைப்பே பொய் என்று சொல்லவில்லை. கல்யாண வேலை பார்த்தவனைக் கேளுங்கள், பந்தியில் எந்த இனிப்பு என்பதற்குள் தாவு தீர்ந்திருக்கும். ஆனால் அது உழைத்த களைப்பு. தூங்கி எழுந்தால் போய்விடும்.

சின்ன முடிவுகள் அற்பமானவை என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று முறிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். தேங்காயைக் காதோரம் ஆட்டி, தண்ணீர்ச் சத்தம் கேட்டு எடுக்க வேண்டும். என் அம்மா கூடையில் கை விட்டால் கடைக்காரம்மாவுக்கே படபடக்கும். வாழ்க்கையில் அவளிடம் யாரும் கேட்டு முடிவு செய்த பெரிய விஷயம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. கல்யாணம், வீடு, எங்கள் படிப்பு எல்லாம் மற்றவர்கள் தீர்மானித்தவை. வெண்டைக்காய் மட்டும் அவள் தீர்ப்பு. அதைப் போய் மூளைக்கு வீண்செலவு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை நான் காய் வாங்கப் போனேன். ஆறு காய் ஒடிப்பதற்குள், "எல்லாத்தையும் ஒடிச்சுப்புட்டா நான் யாருக்குண்ணே விக்கிறது?" என்றது கடைக்காரப் பெண். ஒடித்ததையும் சேர்த்து அரைக் கிலோ வாங்கி வந்தேன். இரண்டு முற்றல். நீலச் சட்டைகளில் ஒன்று இப்போது அடுப்படியில் கரித்துணி.