உறையில எழுதாத பெயர்

புதுக்கடையில் சீனி வருத்தக்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வீடுகளில் நடக்கிற வாக்குவாதமும் ஒரே மாதிரிதான். ஒரு பக்கம் “இங்கிலீஷ் மருந்து முழுக்கக் கெமிக்கல், கிட்னி போயிடும்” என்கிற பெரியப்பா. மற்றப் பக்கம் “மரக் கோப்பையில தண்ணி ஊற வச்சுக் குடிச்சா சீனி குறையுமா?” என்று சிரிக்கிற பிள்ளைகள். ரெண்டு பக்கமும் பிழை என்பதுதான் எங்கட கட்சி.

கோப்பையிலிருந்தே தொடங்குவம். பெற்றாவில் கெபோஸ் லேன் நாட்டுமருந்துக் கடைகளில் கேட்டால் தெரியும், அது கொத்தல ஹிம்புட்டு மரம். தமிழில் பொன்குரண்டி. 1990களின் கடைசியில் யப்பானில், கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில், மசயுகி யொஷிகாவாவின் குழு அதிலிருந்து சலசினோல், கொத்தலனோல் என்று இரண்டு பொருட்களைப் பிரித்தெடுத்தது. மாப்பொருளைச் சீனியாக உடைக்கிற நொதியத்தை அவை தடுக்கின்றன. ஆகவே சிரிக்கத் தேவையில்லை. இரண்டாவது பெயரைத் திரும்ப வாசித்துப் பாருங்கள், சிங்களச் சொல் அப்படியே உள்ளே இருக்கிறது.

பெரியப்பா பயப்படுகிற மெட்ஃபோமினும் ஒரு செடியில் தொடங்கின கதைதான். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி. அதில் இருக்கிற கலெஜின் சீனியைக் குறைக்கும், ஆனால் நஞ்சு. அதற்கு உறவான, அவ்வளவு ஆபத்தில்லாத மெட்ஃபோமினை 1922 இல் ஆய்வுகூடத்தில் செய்தார்கள். 1957 இல் பிரான்ஸில் ஜோன் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டதை வெளியிட்டார். கெமிக்கல் இரண்டிலும் இருக்கிறது, செடியும் இரண்டிலும் இருக்கிறது. வித்தியாசம், குளிசைப் பெட்டியில் பெயரும் 500 மில்லிகிராம் என்ற அளவும் அச்சடித்திருக்கிறது. கோப்பையில் நேற்று எவ்வளவு இறங்கியது, மூன்று மாதம் பாவித்த பிறகு எவ்வளவு இறங்கும், கோப்பை விற்றவருக்கும் தெரியாது. ரெண்டையும் ஒரே நாளில் எடுத்துவிட்டுக் கிளினிக்கில் வாய் திறக்காமல் இருக்கிறவர்களும் எங்கட ஆக்கள்தான்.

குளிசையில் மா, நிறம், பசை எல்லாம் கழித்துப் பார்த்தால் உடம்பில் வேலை செய்கிற சாமான் ஒன்று மிஞ்சும். செயற்படு பொருள் என்பது அதைத்தான். ‘எங்கட மூலிகையிலிருந்துதான் வெள்ளைக்காரன் எடுத்தான்’ என்று பெருமைப்படுகிற பதிவுகள் நிறைய வருகின்றன. பட்டையை வைத்திருந்து, உள்ளே என்ன, எவ்வளவு என்று பார்க்காமல் விட்டால் அந்தப் பெருமை எதற்கு உதவும்?

இந்த நாடு அதை ஒருதரம் செய்து பார்த்திருக்கிறது. 1861 இல் ஹக்கலவில் தோட்டம் திறந்ததே சிங்கோனா நடத்தான். மலேரியாவுக்கான கொயினா அந்த மரத்தின் பட்டையில் இருக்கிறது. கோப்பிச் செடியை நோய் தின்னத் தொடங்கவும் துரைமார் சிங்கோனாவுக்குப் பாய்ந்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கட சனம் பட்டை உரித்தது. 1880களின் நடுவில் வருடத்துக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் அளவில் பட்டை கப்பல் ஏறியது. சந்தை நிரம்பி விலை விழுந்தது. இங்கே அதிகம் நட்டது கொயினா குறைந்த சிவப்புப் பட்டை இனம். ஜாவாவில் ஒல்லாந்தர், பொலிவியாவிலிருந்து வந்த வேறொரு விதையை வைத்து, எந்த மரத்தில் கொயினா கூட என்று சோதித்துச் சோதித்து நட்டார்கள். (அந்த விதையைச் சேர்த்துக் கொடுத்த மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர் சிறையில் அடிபட்டு, வெளியே வந்து செத்துப்போனார். மருந்து வரலாற்றில் இப்படியான ஆட்களின் பெயர் அடிக்குறிப்பில்தான் கிடக்கும்.) இலங்கை பட்டையை நிறுத்து விற்றது, ஜாவா உள்ளே இருந்ததை அளந்து விற்றது. உலகக் கொயினாச் சந்தை ஜாவாவின் கைக்குப் போனது.

பிறகு 1934–35 மலேரியா. சில மாதங்களில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். ஒருகாலத்தில் எங்கட மலையில் உரித்த பட்டையின் மருந்து அப்போது வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பக்கக் கிராமங்களில் மருந்தும் சாப்பாடும் கொண்டு அலைந்தார்கள். அவர்களோடு நின்ற டொக்டர் எஸ். ஏ. விக்ரமசிங்கதான் 1971 இல் பேராசிரியர் சேனக பிபிலேயோடு சேர்ந்து நாட்டின் மருந்து இறக்குமதி பற்றிய அறிக்கையை எழுதினார்.

அந்த அறிக்கையின் சாரம் மருந்தை அதன் பொதுப்பெயரால் வாங்கு, கொம்பனிப் பெயரால் வாங்காதே என்பதுதான். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. தனியார் இறக்குமதிப் பட்டியல் சுமார் 2,100 இலிருந்து 600 ஆகக் குறைந்தது, பலது ஒரே சாமானின் வேறு வேறு சட்டைகள் என்பதால். கூட்டுத்தாபனம் வேறொரு கொம்பனியிடம் வாங்கிய டெட்ராசைக்ளின் தூளைக் குளிசையாக்கித் தர ஃபைசர் மறுத்த சம்பவத்தை பிபிலேயே சஞ்சய லாலோடு எழுதிய கட்டுரையில் பதிந்திருக்கிறார். டெட்ராசைக்ளினின் பூர்வீகம் மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணுயிர். மண் எல்லா ஊரிலும் இருக்கிறது, தூள்தான் சண்டைக்குரியது.

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் வந்த பிறகு துண்டில் பொதுப்பெயர் எழுத வேண்டும். சந்தோசம். ஆனால் துண்டு பார்மசியோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வருவது சின்னக் கடதாசி உறை. அதில் பேனையால் கிறுக்கின வியாபாரப் பெயரின் பாதி, “2 வேளை”. சில உறைகளில் அதுவும் இல்லை, வெள்ளைக் குளிசைகள் மட்டும். தமிழ் எழுத்தைக் கண்ட உறை எங்களுக்குள் ஒருவரிடமும் இல்லை. நாட்டின் உயர் நீதிமன்றம் நிற்கிற வட்டாரத்தில் இருந்துதான் இதைச் சொல்கிறோம்.

இது வெறும் மொழி உரிமைப் பேச்சில்லை. கொழும்பில் டெங்கு வருகிறது. டெங்குக் காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும்தான் என்று டொக்டர்மார் தொண்டை கிழியச் சொல்கிறார்கள். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்லோபினாக் எடுத்தால் இரத்தப்போக்கு ஆபத்து கூடும். வில்லோப் பட்டையின் வழி வந்த அஸ்பிரினுக்கு ‘இயற்கை’ என்பதால் ஒரு சலுகையும் இல்லை. உறையில் பெயரில்லாத வெள்ளைக் குளிசை போன மாத முதுகு நோவுக்குத் தந்ததா, காய்ச்சலுக்கா? இரவு பதினொரு மணிக்கு யாரைக் கேட்பது? இன்னொன்று, பனடோல் போட்டவர் அதே நாளில் தடிமன் குளிசையும் போடுகிறார். பல தடிமன் குளிசைகளிலும் பரசிட்டமோல் இருக்கிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராமில் எட்டு, அதற்கு மேலே ஈரல் தாங்காது.

பொதுப்பெயர் நீளம், வயசானவர்கள் குழம்புவார்கள் என்று சொல்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிற அம்மம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். மெட்ஃபோமின், லொசாட்டன், அடவாஸ்டடின் என்று ஒப்புவிப்பார்கள், அங்கே அந்தப் பெயரில்தான் கொடுக்கிறார்கள். நேரமில்லை என்பது ஓரளவு நியாயம், வரிசை நீளம்தான். அதற்கு முத்திரை அடிக்கலாம், கொம்பியூட்டர் ஒட்டுத்தாள் ஒட்டலாம். அதிகாரசபை ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும்: உறையில் பொதுப்பெயர், மில்லிகிராம், சிங்களத்திலும் தமிழிலும்.

சுற்றறிக்கை வரும்வரை நாங்கள் செய்கிறது இவ்வளவுதான். உறையை வாங்கிப் பைக்குள் போடாமல், “அண்ணே, இதுக்குள்ள இருக்கிற மருந்தின்ட பேரையும் எத்தனை மில்லிகிராம் எண்டதையும் இதிலயே எழுதித் தாங்க” என்று கேட்கிறோம். சிலர் முறைப்பார்கள். பேனை எப்படியும் அவர்கள் கையில்தான் இருக்கும்.