நம்மவர்க்கு ஒரு தராசு, பகைவர்க்கு ஒரு தராசு

தீபாவளியை ஒட்டி, சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை அருள்மிகு மாரியம்மன் ஆலயத்தில் தீமிதித் திருவிழா நிகழ்கிறது. பூக்குழியில் இறங்கும் அன்பர்கள் திரௌபதி அம்மனை நெஞ்சில் நிறுத்தியே இறங்குகின்றனர். 1827-ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வாலயத்தில் பாரதம் வெறும் கதையன்று. வழிபாட்டின் ஓர் அங்கம். ஆயினும், இன்றைய இளையோருள் பலர் பாரதத்தை அறிந்திருப்பது ஆலயத்தின் வழியாகவோ நூலின் வழியாகவோ அன்று; தொலைக்காட்சியின் வழியாகவே.

அதைக் குறை கூறுவதற்கில்லை. 1988 முதல் 1990 வரை பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் தூர்தர்ஷனில் 94 பகுதிகளாக ஒளிபரப்பானது. 2013-இல் விஜய் தொலைக்காட்சி இந்தித் தொடர் ஒன்றைத் தமிழ்ப்படுத்தி வழங்கியது. விதுரன் யார், விகர்ணன் யார் என்று இன்று பிள்ளைகள் சொல்கிறார்கள் என்றால் அது இத்தகைய தொடர்களின் தொண்டே. கேடு வேறிடத்தில் இருக்கிறது. திரையில் நாயகன் செய்யும் செயலுக்கு ஒரு தராசு, பகைவன் செய்யும் அதே செயலுக்கு வேறொரு தராசு. நாயகன் அம்பு தொடுத்தால் சங்கொலி. பகைவன் தொடுத்தால் இடியோசை. எது அறம், எது அறமன்று என்பதைப் பின்னணி இசையே தீர்மானித்துவிடுகிறது.

போர் தொடங்குமுன் இரு தரப்பாரும் கூடி விதிகள் வகுத்துக்கொண்டதாக பீஷ்ம பருவம் கூறுகிறது. படைக்கலம் இழந்தவனை அடிக்கலாகாது, வேறொருவனோடு பொருதுகொண்டிருப்பவனைத் தாக்கலாகாது என்பன அவற்றுட் சில. அபிமன்யுவைப் பலர் ஒன்றுகூடிச் சூழ்ந்து கொன்றபோது அவ்விதிகள் முறிந்தன. காண்போர் நெஞ்சு கொதிக்கிறது. கொதிக்கவே வேண்டும். ஆனால் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைய, கர்ணன் கீழே இறங்கி நின்றபோது அர்ச்சுனன் கணை பாய்ந்ததே, அங்கே கொதிப்பு எங்கே போயிற்று?

வியாசர் இக்கேள்வியை மூடி மறைக்கவில்லை. கர்ணன் அறத்தின் பெயரால் அவகாசம் கேட்கிறான். சூதாட்ட அவையில் திரௌபதியை இழிவுபடுத்தியபோதும், அபிமன்யுவைச் சூழ்ந்து நின்றபோதும் அந்த அறம் எங்கே போயிற்று என்று கண்ணன் கேட்கிறான். கர்ணன் வெட்கித் தலைகுனிகிறான். இரு பக்கத்து வழக்கும் வாசகன் முன் வைக்கப்படுகிறது.

துரோணரின் வீழ்ச்சியும் அவ்வாறே. அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதைத் தருமன் மெல்ல முணுமுணுத்தான். அதுவரை நிலத்தினின்று நான்கு விரற்கடை உயர்ந்து சென்ற அவனது தேர் அக்கணமே மண்ணைத் தொட்டது. கதாயுதப் போரில் நாபிக்குக் கீழே அடிக்கலாகாது என்பது முறை. பீமன் துரியோதனனின் தொடையை முறித்தான். சபதத்தை நிறைவேற்றினான் என்று திரை ஆர்ப்பரிக்கும். நூலிலோ, பலராமன் சினந்து கலப்பையை ஓங்குகிறான், கண்ணன் தடுக்கிறான். பின்னர், வீழ்ந்து கிடக்கும் துரியோதனன் மீது வானினின்று மலர்மாரி பொழிகிறது, பாண்டவர் நாணுகின்றனர். பகைவன் மீது பூமழை! அதை அஞ்சாமல் எழுதியவர் வியாசர்.

இங்கே தமிழன்பர்கள் தம்மையும் சற்று நோக்கிக்கொள்ளலாம். 1964-இல் பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' வெளிவந்ததிலிருந்து, சிவாஜி கணேசனின் முகத்தையன்றிக் கர்ணனை எண்ணிப் பார்க்க இயலாதவர் பலர். அவனது கொடையையும் செய்ந்நன்றியையும் போற்றுவோர், அந்த அவையில் திரௌபதியைப் பற்றி அவன் வாய் உதிர்த்த சொற்களை வசதியாக மறந்துவிடுகின்றனர். அவனைப் பிடித்துவிட்டது, ஆகவே மன்னிப்பு. துச்சாதனனைப் பிடிக்கவில்லை, ஆகவே மன்னிப்பில்லை. தராசு ஒன்றுதான், சாய்த்துப் பிடிக்கும் கைதான் மாறியது.

இது கூடத்துத் தொலைக்காட்சியோடு முடிந்துபோகும் சங்கதியா? ஆலய நிர்வாகத் தேர்தல் நெருங்கும்போது பார்த்தால் தெரியும். எதிரணியினர் கணக்கில் ஒரு பற்றுச்சீட்டு குறைந்தால் அது களவு. நம் அணியினர் கணக்கில் குறைந்தால் எழுத்தர் செய்த கவனப்பிழை. அவர்கள் உறவினரை உறுப்பினராகச் சேர்த்தால் சூழ்ச்சி. நாம் சேர்த்தால் ஆலயத் தொண்டு. நேற்றுவரை எதிரணியில் இருந்தவர் இன்று நம் பக்கம் வந்துவிட்டாலோ, அவர் பழைய குற்றங்கள் யாவும் கற்பூரமாய்க் கரைந்துவிடுகின்றன. பெரியவர்கள் இப்படிப் பேசுவதைப் பிள்ளைகள் அன்னதானக் கூடத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பட்டாபிஷேகத்தோடு கதையை முடித்துக்கொண்டால் பாரதத்தின் கடைசிப் பருவம் விடுபட்டுப்போகும். அதில் தருமன் சுவர்க்கம் புகுந்ததும் முதலில் காண்பது அரியணையில் ஒளி வீசி அமர்ந்திருக்கும் துரியோதனனை. தம்பியரைத் தேடிச் சென்றால் அவர்கள் நரகத்தில் அலறுகின்றனர். அது மாயத்தோற்றந்தான், விரைவில் மறைகிறது. ஆயினும் அது ஏன் காட்டப்பட்டது? துரோணரிடம் அன்று சொன்ன அந்தச் சொல்லுக்காக என்று இந்திரன் காரணம் கூறுகிறான்.

நூலறியாத சிற்றூர் மக்களும் இதை அறிந்திருந்தனர். வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழாவின் நிறைவுநாளில் படுகளம் நிகழும். மண்ணால் பேருருவாய்ச் செய்த துரியோதனன் தரையில் கிடப்பான். பீமன் வேடமிட்டவர் அவன் தொடையைப் பிளப்பார், திரௌபதி கூந்தலை முடிப்பாள், கூட்டம் ஆரவாரிக்கும். சில ஊர்களில் அதன்பின் காந்தாரியோ துரியோதனன் மனைவி பெருந்திருவாளோ களத்துக்கு வந்து ஒப்பாரி வைப்பதும் உண்டு. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்த ஊர்ப் பெண்கள், பகைவனுக்காக எழும் அந்த அழுகையையும் நின்று கேட்டுவிட்டே தீக்குழிக்குப் புறப்படுவார்கள்.