தாம்பூலத்தில் வரவில்லை கவிதை

திருவானைக்கா கோயிலில் ஒருவர் வாக்கு வன்மை வேண்டித் தவம் கிடந்தார். அம்பிகை ஒரு பெண்ணாக வந்து, தான் மென்ற தாம்பூலத்தை அவர் வாயில் உமிழப் போனபோது அருவருத்து ஒதுங்கினார். அருகே தூங்கிக்கொண்டிருந்த மடைப்பள்ளி வரதன் வாயைத் திறந்தான். காளமேகப் புலவர் ஆனான். இந்தக் கதையைத் தமிழாசிரியர் சொல்லிக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. உஜ்ஜயினிக் காளி காளிதாசனின் நாவில் எழுதிய கதையும், ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து பாடிய கதையும் இதே வகை.

பக்திக் கதைகள் என்ற அளவில் இவற்றுக்கு உரிய இடம் உண்டு. அந்த இடத்திலிருந்து இறங்கி வந்து, எழுத்தைப் பற்றிய பொது நம்பிக்கையாக இவை மாறிவிட்டதுதான் கோளாறு. இலக்கியக் கூட்டத்தின் முடிவில் யாராவது ஓர் இளைஞர் எழுந்து, எழுதப் பழகுவது எப்படி என்று கேட்பார். "அதெல்லாம் சொல்லிக் கொடுத்து வராது தம்பி, தானா வரணும்" என்று மேடையிலிருந்து பதில் வரும். அரங்கம் கைதட்டும். கேட்டவர் உட்கார்ந்துவிடுவார். எழுத்துக்கலை பற்றிய புத்தகங்கள்மீது இங்கே இருக்கும் இளக்காரமும் இந்தக் கைதட்டலில் பிறந்ததுதான். புத்தகத்தைப் பார்த்துக் கதை எழுதுகிறவன் எழுத்தாளனா என்று கேட்டுவிட்டால் விவாதம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

பாட்டு கற்க வரும் குழந்தையிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று வருடக்கணக்கில் உட்காரவைக்கிறார்கள். பரதம் பயில வந்தவள் தட்டடவில் தொடங்குகிறாள். சிற்பிக்கு உளி பிடிக்கக் கற்றுத்தர ஆளும் இடமும் உண்டு. எழுத்துக்கு மட்டும் பயிற்சி கூடாது என்பது எந்த நியாயம்? எல்லாருக்கும் பேச வருகிறது, பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் எழுத்துக் கூட்டவும் வருகிறது. அதனால், எழுதுவதற்கென்று தனியாக ஒரு வேலைத்திறன் உண்டு என்பதே கண்ணில் படாமல் போய்விட்டது.

காளமேகத்தையே எடுத்துக்கொள்வோம். அவர் பெயரில் வழங்குபவற்றில் புகழ்பெற்றவை சிலேடை வெண்பாக்கள். வெண்பாவில் தளை தட்டக்கூடாது. ஈற்றடி மூன்று சீரில் நிற்கவேண்டும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடியவேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரே சொல்லைப் பிரித்தால் பாம்பும், வேறு விதமாகப் பிரித்தால் எள்ளும் தெரியவேண்டும். சபையில் நின்ற நிலையில் இதைச் செய்பவருக்குள் எத்தனை ஆயிரம் சொற்கள் இரட்டைப் பொருளோடு அடுக்கிவைக்கப்பட்டிருக்க வேண்டும்! அந்த அடுக்கைக் கட்ட எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும்! தாம்பூலக் கதை அந்த ஆண்டுகளை விழுங்கிவிடுகிறது.

அந்த ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதற்குச் சாட்சி கிடைக்கும் ஒரு புலவர் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) ஏடெழுதுபவரின் கை சலிக்கும் வேகத்தில் செய்யுள் சொல்லிக்கொண்டே போவார் என்று அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள், பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், கோவைகள். பார்த்தவர்கள் இதை வரப்பிரசாதம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் 1930-களில் ஆசிரியரின் வரலாற்றை எழுதிய ஐயர், அந்த வெள்ளம் எங்கிருந்து வந்தது என்பதையும் பதிவு செய்தார். அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த காலத்தில், யார் வீட்டில் ஏடு இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் தேடிப்போய் வாங்கி, தம் கையாலேயே பிரதி செய்துகொண்டவர் இளைஞரான மீனாட்சிசுந்தரம். ஒருவருக்கு ஒரு நூல் தெரியும் என்றால் அந்த ஒரு நூலுக்காகவே அவரிடம் போனார்.

தண்டியலங்காரம் தெரிந்தவர் திருச்சியில் யாரும் அகப்படவில்லை. பிச்சை எடுத்துத் திரிந்த ஒரு பரதேசிக்கு அது தெரியும் என்று தெரிந்தது. மீனாட்சிசுந்தரம் அவர் பின்னாலேயே தெருத்தெருவாக நடந்து, வேண்டியதை வாங்கிக் கொடுத்து, பாடம் கேட்டு முடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய தமிழ்ப் புலவர், செய்யுள் அழகை எப்படி உண்டாக்குவது என்று விளக்கும் ஒரு நூலுக்காகப் பிச்சைக்காரர் ஒருவரின் பின்னால் அலைந்திருக்கிறார். எழுத்துக்கலை நூல்களை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இந்த ஒரு காட்சிக்குப் பதில் சொல்லவேண்டும்.

அவர் கற்ற தண்டியலங்காரத்தின் மூலம் வடமொழியில் தண்டி எழுதிய காவியாதர்சம். காஞ்சிப் பல்லவர் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் அந்த ஆசிரியர், கவிதை பிறக்கக் காரணம் மூன்று என்கிறார்: இயல்பாய் அமைந்த திறன், நிறைந்த கல்வி, விடாத முயற்சி. அதோடு நிற்கவில்லை. முதலாவது ஒருவரிடம் இல்லாமல் போனாலும், கற்றும் உழைத்தும் வழிபடுகிறவருக்குக் கலைமகள் ஓரளவேனும் அருளத்தான் செய்வாள் என்று அடுத்த சுலோகத்திலேயே தேற்றுகிறார். கி.பி. 900-ஐ ஒட்டி வாழ்ந்த ராஜசேகரர் காவிய மீமாம்சையில் கவிஞனின் ஒரு நாளையே நான்கு பொழுதாகப் பிரித்துக் கொடுக்கிறார். ஒரு பொழுது படிப்பு, ஒரு பொழுது எழுத்து, பிறகு நண்பர்களோடு கவிதைப் பேச்சு, கடைசியில் காலையில் எழுதியதைத் திரும்பப் பார்த்தல். உணர்ச்சியின் வேகத்தில் எழுதும்போது சீர்தூக்கும் கண் இருக்காது, அதனால் பிறகு பார் என்று காரணமும் சொல்கிறார். இன்று எழுத்துப் பட்டறைகளில் முதல் பாடமாகச் சொல்லப்படுவது இதுதான்.

தமிழிலும் இதற்குக் குறைவில்லை. பவணந்தியாரின் நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் இருக்கவேண்டிய பத்து அழகுகளையும் முப்பத்திரண்டு உத்திகளையும் பாயிரத்திலேயே வரிசைப்படுத்துகிறது. ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடல் ஓவியத்தையும் தமிழையும் பழக்கத்தால் வருபவை என்று ஒரு பக்கம் வைக்கிறது. நட்பு, இரக்கம், கொடை ஆகியவற்றைத்தான் பிறவியோடு வருபவை என்று மறுபக்கம் வைக்கிறது. மரபின் பெயரைச் சொல்லிப் பிறவி வரத்தை நியாயப்படுத்துகிறவர்களை மரபே ஆதரிக்கவில்லை.

மேல்நாட்டிலும் தாம்பூலக் கதைகள் உண்டு. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1816-இல் 'குப்ளா கான்' கவிதையை வெளியிட்டபோது, மருந்து மயக்கத்தில் தூங்கும்போது இருநூறு முந்நூறு வரிகள் தானாகவே வந்தன, விழித்து எழுதிக்கொண்டிருக்கையில் போர்லாக் ஊரிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டியதால் மீதி மறந்துபோயிற்று என்று முன்னுரை எழுதினார். நூறாண்டுக்கும் மேல் உலகம் இதை நம்பியது. 1934-இல் அவர் கைப்பட எழுதிய பிரதி ஒன்று வெளியே வந்தது. அதில் தூக்கம் இல்லை, ஒருவகை மயக்கநிலை என்று மட்டும் இருக்கிறது, போர்லாக்காரரும் இல்லை. அச்சான கவிதைக்கும் அந்தப் பிரதிக்கும் சொற்களும் வேறுபடுகின்றன. கனவில் முழுசாக வந்த வரிகளைத் திருத்தவேண்டிய தேவை என்ன? இதற்கு முன்பே, 1927-இல், லோவெஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கோல்ரிட்ஜ் படித்த பயண நூல்களையும் குறிப்பேட்டையும் ஒவ்வொன்றாகத் துருவி, அந்தக் கவிதையின் ஆறும் குகையும் எந்தெந்தப் பக்கங்களிலிருந்து வந்தவை என்று ஒரு பெரிய நூலே எழுதிவிட்டார்.

இசைமேதை மோட்சார்ட் விஷயம் இதைவிட மோசம். ஓர் இசைக்கோவை முழுவதும் தன் மனத்தில் ஒரே நொடியில் முடிந்த சிற்பம்போல நிற்கும், அதை எடுத்து எழுதுவதுதான் தன் வேலை என்று மோட்சார்ட் சொன்னதாக ஒரு கடிதம் 1815-இல் ஒரு ஜெர்மன் இசை இதழில் வெளிவந்தது. வெளியிட்டவர் ரோக்லிட்ஸ். அது போலி என்று அறிஞர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அப்படியிருந்தும் 1945-இல் கணித மேதை அடமார் கண்டுபிடிப்பின் உளவியல் பற்றி எழுதிய நூலில் அது இடம்பெற்றது; 1952-இல் கிசலின் தொகுத்த, படைப்பாற்றல் பற்றிய புகழ்பெற்ற தொகுப்பிலும் இடம்பெற்றது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் ஒரு பொய்க் கடிதத்தைப் படித்துவிட்டு, தங்களுக்கு அப்படி எதுவும் மனத்தில் நிற்கவில்லையே என்று ஏங்கியிருக்கிறார்கள். மோட்சார்ட் உண்மையாகவே எழுதியது வேறு. 1785-இல் ஆறு நால்வர் இசைக்கோவைகளை இசையமைப்பாளர் ஹைடனுக்குக் காணிக்கையாக்கியபோது, இவை நீண்ட, கடினமான உழைப்பின் பலன் என்று அவரே குறிப்பிட்டார். அவருடைய முன்வரைவுத் தாள்களும் எஞ்சியிருக்கின்றன.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரொவாக் 'ஆன் தி ரோடு' நாவலை 1951 ஏப்ரலில் மூன்று வாரத்தில் 120 அடி நீளத் தாள்சுருளில் தட்டச்சு செய்தார் என்பதும் உண்மை. பல ஆண்டுக் குறிப்பேடுகள் அதற்கு முன்னால் இருந்தன, திருத்தங்களுக்குப் பிறகு 1957-இல்தான் புத்தகம் வந்தது என்பதும் உண்மை. ஊரில் பரவியது முதல் பாதி மட்டும்.

எழுத்து தானாக வரும் என்ற நம்பிக்கைக்குத் தீனி போடும் புத்தகங்கள் இன்றும் விற்கின்றன. எலிசபெத் கில்பர்ட்டின் 'பிக் மேஜிக்' (2015), கருத்துகள் தாமாகவே அலையும் உயிர்கள், தகுந்த ஆளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும் என்கிறது. எழுதத் தயங்குகிறவருக்கு அது தைரியம் தரலாம். ஆனால் மேசையில் உட்கார்ந்த பிறகு மூன்றாவது பத்தி ஏன் நொண்டுகிறது என்பதற்கு அதில் மருந்து இல்லை. படைப்பு பற்றிய நூல்களில் நல்லது எது, பயனற்றது எது என்று பிரிக்கும் கோடு இதுதான்: எழுதுகிறவரின் கை தெரிகிறதா?

கை தெரியும் நூல்கள் உண்டு. டி.எஸ்.எலியட்டின் 'பாழ்நிலம்' 1922-இல் வந்த கவிதை. அதன் கையெழுத்துப் பிரதி 1971-இல் நிழற்படப் பதிப்பாக வந்தபோது, அவருடைய நண்பர் எஸ்ரா பவுண்ட் பக்கம் பக்கமாகக் கோடு போட்டு வெட்டித் தள்ளியிருப்பதை எல்லாரும் பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் மகத்தான கவிதை ஒன்று, நண்பரின் பென்சிலுக்கும் கடன்பட்டிருக்கிறது. ஸ்டீஃபன் கிங் 'ஆன் ரைட்டிங்' (2000) நூலின் கடைசியில் தம் கதை ஒன்றின் முதல் வரைவைப் பிழைகளோடு அச்சிட்டு, அடித்துத் திருத்திய பிரதியையும் பக்கத்திலேயே வைத்தார். வின்சென்ட் வான்கோ பித்தேறிய மேதை என்று நினைப்பவர்கள் அவர் தம்பி தியோவுக்கு எழுதிய அறுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களைப் படிக்கவேண்டும். இருபத்தேழு வயதில் ஓவியராகத் தீர்மானித்தவர், பார்க் என்பவரின் ஓவியப் பயிற்சி ஏடுகளை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். கடிதங்களில் நிறத்தின் பெயர்களும் தூரிகை வேலையும் தாள் விலையும்தான் நிறைந்து கிடக்கின்றன. தமிழில் ரா.கி.ரங்கராஜன் 'எப்படிக் கதை எழுதுவது?' என்று வெளிப்படையாகத் தலைப்பு வைத்தே எழுதினார். அந்தத் துணிச்சலுக்கு இங்கே போதிய மரியாதை கிடைக்கவில்லை.

பயிற்சி எல்லாரையும் கம்பராக்கிவிடுமா என்று கேட்பார்கள். ஆக்காது. கவிஞர் ரில்கே 1903 முதல் 1908 வரை பத்துக் கடிதங்களில் புத்தி சொன்ன ஃபிரான்ஸ் காப்பஸ் என்ற இளைஞர் பெரிய கவிஞராகவில்லை. பத்திரிகையாளராகவும் நாவலாசிரியராகவும் வாழ்ந்தார். சங்கீத வகுப்புக்குப் போகும் எல்லாரும் மேடையேறுவதில்லை என்பதற்காகச் சங்கீத வகுப்பை யாரும் மூடிவிடவில்லையே. தன் மனத்தில் இருப்பதைப் பிறர் மனத்துக்குச் சிந்தாமல் கொண்டுபோகும் அளவுக்கு ஒருவர் எழுதக் கற்றாலே அது பெரிய லாபம்.

திறமை இருந்தால் எப்படியும் வெளியே வந்துவிடும் என்ற சமாதானம்தான் இந்த நம்பிக்கைகளில் மிகவும் கொடியது. ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் இதை நேருக்கு நேர் மறுத்தார். ஆண்டுக்கு 500 பவுன் வருமானமும் தாழ்ப்பாள் உள்ள தனி அறையும் இல்லாத பெண் என்ன எழுதமுடியும் என்று கேட்டார். ஷேக்ஸ்பியருக்கு அவரைப் போலவே ஆற்றல் உள்ள ஒரு தங்கை இருந்திருந்தால் ஒரு வரிகூட எழுதாமல்தான் செத்திருப்பாள் என்று கற்பனை செய்து காட்டினார். துவரங்குறிச்சிக் கவிஞர் சல்மா சிறுவயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். இரவில் குளியலறைக்குள் ஒளிந்து கவிதை எழுதியதை அவரே சொல்லியிருக்கிறார். அவர் வெளியே வந்துவிட்டார், அதனால் திறமை ஜெயிக்கும் என்று முடிவு கட்டுவது அநியாயம். வெளியே வராதவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை. எழுத்து பிறவியில் வருவது என்று சொல்லும்போதெல்லாம், நேரமும் அறையும் ஆசானும் கிடைக்காத அத்தனை பேரையும் திறமை இல்லாதவர்கள் என்று தீர்ப்பு எழுதுகிறோம். படிப்பு முதல் தலைமுறையாக நுழைந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பு மிகக் கனமாக விழுகிறது. முதல் வரைவு நன்றாக வரவில்லை என்றதும், தனக்கு இது இல்லை என்று அந்தப் பிள்ளை நோட்டை மூடிவிடுகிறது. எல்லாருடைய முதல் வரைவும் அப்படித்தான் இருக்கும் என்று அதற்குச் சொல்ல ஆளில்லை.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரை நோட்டைத் திருத்தி, மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுப்பதோடு அந்தக் கட்டுரை செத்துவிடுகிறது. இந்த ஆண்டில் ஒரே ஒரு கட்டுரைக்காவது மதிப்பெண் போடாமல், எங்கே புரியவில்லை என்று மட்டும் ஓரத்தில் குறித்துக் கொடுங்கள். அதையே மறுபடி எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளே பார்க்கட்டும். காளமேகத்தின் தாம்பூலக் கதையைச் சொல்லும் அதே வகுப்பில், தண்டியலங்காரத்துக்காகப் பரதேசியின் பின்னால் நடந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கதையையும் சொல்லுங்கள்.